பார்க்லே தெருவில் ஒரு பழைய ஆலயம்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் காலையில், நியூயார்க் தீயணைப்புப் படையினரின் ஆன்ம குருவாயிருந்த பிரான்சிஸ்கு சபைத் துறவி மைக்கல் ஜட்ஜ் அடிகளார், உலக வணிக மையத்து வட கோபுரத்தின் முன்கூடத்தில் இறந்தார். அவர் அங்கே நின்றிருந்தபோது தென் கோபுரம் சரிந்தது. அதன் இடிபாடுகள் பறந்து வந்து அவரைத் தாக்கின. மீட்புப் பணியாளர்கள் அவருடைய உடலை நாற்காலி ஒன்றில் வைத்துச் சுமந்து வந்தனர். பின்னர் அருகிலிருந்த புனித பேதுரு ஆலயத்திற்குள் கொண்டு சென்று பலிபீடத்தின் முன் கிடத்தினர். அன்று மாண்டோர் பட்டியலில் முதல் எண் அவருக்கே தரப்பட்டது.

அந்த ஆலயம் பார்க்லே தெருவில் இருக்கிறது. மோதிய விமானத்தின் சக்கரப் பகுதியில் ஒரு துண்டு அதன் கூரையிலும் வந்து விழுந்தது. அதே காலையில், அங்கிருந்து சற்று வடக்கே பார்க் பிளேஸ் என்னும் தெருவில் இருந்த ஓர் ஆடைக்கடையின் கூரையையும் விமானத்தின் மற்றொரு துண்டு துளைத்தது. கடை மூடப்பட்டது, கட்டடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தது. 2009-இல் ஷரீப் எல் கமால் என்னும் முஸ்லிம் கட்டட வணிகர் அதை வாங்கினார். இமாம் பைசல் அப்துல் ரவூப் என்பவரோடு சேர்ந்து அவ்விடத்தில் 13 மாடிகள் கொண்ட பண்பாட்டு மையம் ஒன்றை எழுப்பவும், அதனுள் தொழுகைக்கூடம் ஒன்றை அமைக்கவும் திட்டமிட்டார். மறு ஆண்டில் அமெரிக்காவையே உலுக்கிய வழக்கு இதுதான்.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. 2010 மே 25-ஆம் நாள் வட்டார மன்றம் 29-க்கு 1 என்ற வாக்கில் திட்டத்தை ஆதரித்தது. ஆகஸ்டு 3-ஆம் நாள், பழைய கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கும் கோரிக்கையை உரிய ஆணையம் ஒருமனதாகத் தள்ளியது; சட்டப்படி தடையேதும் எஞ்சவில்லை. ஆயினும் எதிர்ப்பு தணியவில்லை. பிள்ளைகளையும் கணவரையும் மனைவியரையும் பறிகொடுத்தோர் பலர் வேண்டாமென்றனர். அதே இழப்புக்கு ஆளான வேறு சிலர் கட்டட்டும் என்றனர். நவம்பர்த் தேர்தலை நோக்கியிருந்த அரசியலாளர் சிலருக்கோ இது கிடைத்தற்கரிய வாய்ப்பாயிற்று. இரண்டு தெருக்கள் தள்ளியிருந்த கட்டடத்தை, இடிபாட்டு நிலத்தின் மீதே எழும் பள்ளிவாசல் என்று பெயரிட்டு அழைத்தனர். குடியரசுத் தலைவர் ஒபாமா ஆகஸ்டு 13-ஆம் நாள் முஸ்லிம்களுக்கு அங்கே கட்ட உரிமை உண்டு என்றார். மறுநாளே, அங்குக் கட்டுவது அறிவுடைமையா என்பதைப் பற்றித் தாம் ஏதும் சொல்லவில்லை என்று விளக்கினார். உரிமை ஒன்று, விவேகம் வேறொன்று. அந்தக் கோடைகாலம் முழுவதும் நடந்த வாதம் இவ்விரண்டிற்கும் இடையில்தான் அலைந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வியப்பு என்னவென்றால், இவ்வழக்கில் இரு தரப்பினரும் நம் வரலாற்றையே சான்றுக்கு அழைத்தனர். கட்டலாம் என்றோர் பார்க்லே தெரு ஆலயத்தைச் சுட்டினர். இடம் மாற்றலாம் என்றோர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் அருகிலிருந்த கார்மேல் மடத்தைச் சுட்டினர்.

முதலில் ஆலயத்தைக் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1700-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நியூயார்க்கில் அகப்படும் கத்தோலிக்கக் குருவுக்கு ஆயுட்சிறை என்று விதித்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற பின்னர், 1784-இல்தான் அது நீங்கியது. மறு ஆண்டிலேயே அந்நகரின் சிறிய கத்தோலிக்கச் சமூகம் ஆலயம் எழுப்பத் துணிந்தது. அவர்களுக்கு நிலம் கிடைத்தது ஆங்கிலிக்கன் சபையின் திரித்துவ ஆலயத்தாரிடமிருந்து. பணம்? ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1,000 வெள்ளி நாணயங்கள் ஈந்தார். 1785 அக்டோபர் 5-ஆம் நாள் அடிக்கல்லை நாட்டியவரும் அந்நாட்டுத் தூதரே. பார்க் பிளேஸ் திட்டத்திற்கு எந்த அந்நிய நாட்டுப் பணம் வரப்போகிறது என்று 2010-இல் உரக்கக் கேட்டவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்கள் தங்கள் மூதாதையரின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

அவ்வாலயத்தில்தான் 1805-இல் எலிசபெத் ஆன் செட்டன் என்னும் கைம்பெண் கத்தோலிக்கத் திரு அவையில் சேர்ந்தார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுள் முதல் புனிதராக 1975-இல் உயர்த்தப்பட்டவர் அவரே. ஹெய்த்தித் தீவில் அடிமையாய்ப் பிறந்து, நியூயார்க்கில் சிகை அலங்காரத் தொழில் செய்து, ஈட்டியதையெல்லாம் ஏழைகளுக்கு ஈந்த பியேர் தூசேன் நெடுங்காலம் நாள்தோறும் திருப்பலி கண்டதும் அங்கேதான். ஆனால் 1806-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவில், அதே ஆலயத்தின் வாசலில் கத்தோலிக்க எதிர்ப்புக் கும்பலொன்று கூடியது. அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் ஒருவர் உயிரிழந்தார். இது முடிவன்று, தொடக்கமே. 1834-இல் பாஸ்டனுக்கு அருகே சார்ல்ஸ்டவுனில் உர்சுலா சபைக் கன்னியர் மடம் எரிக்கப்பட்டது. 1844-இல் பிலடெல்பியாவில் ஆலயங்கள் எரிந்தன. நியூயார்க்கிலும் அவ்வாறே நிகழுமோ என்று அஞ்சிய ஆயர் ஜான் ஹியூஸ், ஆலயங்களைச் சுற்றி ஆயுதம் ஏந்திய ஆட்களைக் காவல் நிறுத்தினார்.

அன்று நம்மவர் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் எவை? இவர்கள் அந்நிய நாட்டுத் தலைவர் ஒருவருக்குக் கீழ்ப்படிந்தவர்கள். ஆகவே இந்நாட்டுக்கு உண்மையாயிருக்க மாட்டார்கள். இவர்கள் பெரும்பான்மையாயுள்ள நாடுகளில் பிறருக்கு வழிபாட்டு உரிமை இல்லை. ஆகவே இங்கு மட்டும் உரிமை கேட்கத் தகுதியற்றவர்கள். இரண்டாவது குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யென்று சொல்லிவிட நமக்கு வாயில்லை. திருத்தந்தையர் ஆட்சியிலிருந்த உரோமை நகரில், மதிலுக்குள் புரோட்டஸ்டாண்டு ஆலயம் எழுப்ப 1870 வரை இடமிருந்ததில்லை. சவுதி அரேபியாவில் கிறிஸ்தவ ஆலயம் எழும்வரை நியூயார்க்கில் இந்தப் பள்ளிவாசல் எழக்கூடாது என்று 2010-இல் நியூட் கிங்ரிச் வாதிட்டார். அவர் முந்திய ஆண்டில்தான் கத்தோலிக்கத் திரு அவையில் சேர்ந்தவர். சவுதியில் ஆலயம் இல்லை என்பது உண்மை. அது நமக்கு மெய்யான வேதனையும்கூட. ஆனால் ஓர் அரசு மறுக்கும் நீதிக்காக, அந்த அரசோடு தொடர்பில்லாத குடிமக்களிடம் வட்டி வசூலிக்கும் வழக்கத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையால் நம்மளவில் முடித்துவைத்தது. உரிமை மனித மாண்பிலிருந்து பிறக்கிறதேயன்றி, பண்டமாற்றிலிருந்து பிறப்பதில்லை என்பதே அந்த அறிக்கையின் அடித்தளம். அதை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றிய இயேசு சபைக் குரு ஜான் கோட்னி மரே நியூயார்க் நகரிலேயே பிறந்தவர். 1995 ஜூன் 21-ஆம் நாள் உரோமையில் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதைச் சமயச் சுதந்திரத்தின் அடையாளமென்று வரவேற்றார். இசுலாமிய நாடுகள் சிலவற்றில் அத்தகைய அடையாளம் காணப்படாததற்கு வருந்தவும் செய்தார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றை மற்றொன்றிற்கு நிபந்தனையாக்கவில்லை.

நகரத் தலைவர் மைக்கேல் புளூம்பர்க் யூதர். அவர்தாம் 2010 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆற்றிய உரையில் பார்க்லே தெரு ஆலயத்தின் கதையை நாட்டுக்கு நினைவூட்டினார். அதே ஆண்டில் அவ்வாலயத்தின் பங்குக் குருவும் தம் மக்களுக்கு அதையே எழுதினார். பிறர் நமக்குச் செய்ததை நாம் மறந்துவிட்டோமா என்று வெளியார் கேட்பதைவிட, உள்ளிருந்து ஒரு குரு கேட்பது கடினம். பங்கு மக்களில் எத்தனை பேர் அன்று முகம் சுளித்திருப்பர் என்பதை நாம் ஊகிக்க இயலும்.

இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடலாம். கோபுரங்கள் எழுமுன்னர், அவற்றின் அருகேயிருந்த வாஷிங்டன் தெருப் பகுதிக்குச் 'சின்னச் சிரியா' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா, லெபனான் மலைகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கு வாழ்ந்தனர், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மெல்கைட் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜ் ஆலயக் கட்டடம் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. அரபு மொழி அந்த மண்ணில் ஒலித்தது கிறிஸ்தவச் செபங்களிலும்தான்.

இனி மற்றச் சான்றுக்கு வருவோம். 2010 ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க்கின் அன்றைய பேராயர் திமோத்தி டோலன், இரு தரப்பையும் சேர்த்துவைக்கத் தாம் உதவத் தயார் என்றார். அப்போதுதான் அவர் போலந்து நாட்டுக் கார்மேல் கன்னியரை நினைவுகூர்ந்தார். எண்ணம் நன்று, இடம் மட்டும் மாறட்டும் என்று திருத்தந்தை அன்று காட்டிய வழி இங்கும் உதவக்கூடும் என்பது அவர் கருத்து.

அந்த நிகழ்ச்சியை நம்மில் பலர் முழுமையாக அறியார். அவுஷ்விட்ஸில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர். போலந்து நாட்டுக் கத்தோலிக்கரும் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். புனித மாக்சிமிலியன் கோல்பே 1941-இலும், யூதராய்ப் பிறந்து கார்மேல் சபைக் கன்னியான புனித எடித் ஸ்டெயின் 1942-இலும் அங்கு உயிர் துறந்தனர். 1984-இல் கார்மேல் கன்னியர் சிலர், முகாமின் சுவரை ஒட்டி வெளிப்புறத்தில் இருந்த பழைய கட்டடமொன்றில் குடியேறினர். மாண்டோருக்காக இடையறாது செபிப்பதே அவர்கள் நோக்கம், அதில் கள்ளமில்லை. ஆனால் அக்கட்டடம், போர்க்காலத்தில் நச்சுவாயுக் கலங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த கட்டடம். உலகெங்கும் யூதர்கள் துடித்தனர். நூற்றாண்டுகளாகச் சிலுவையின் பெயரால் துன்புற்றவர்களின் சாம்பல் மேட்டருகில் சிலுவை நடப்படுவதை, தங்கள் இறந்தோர் இரண்டாம் முறை தங்களிடமிருந்து பறிக்கப்படுவதாக அவர்கள் உணர்ந்தனர்.

1987 பிப்ரவரி 22-ஆம் நாள் ஜெனீவாவில் யூதத் தலைவர்களும் நான்கு கர்தினால்களும் உடன்படிக்கை செய்தனர்: இரண்டு ஆண்டுகளில் கன்னியர் வேறிடம் செல்வர். அந்நால்வருள் பாரீஸ் பேராயர் லுஸ்திஜே யூதராய்ப் பிறந்தவர். அவருடைய தாய் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். கெடு 1989-இல் கடந்தது, மடம் அசையவில்லை. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க்கிலிருந்து வந்த ரபி ஒருவரும் உடன் வந்தோரும் வேலியேறி மடத்து வளாகத்தில் செபித்தபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் அவர்கள்மீது தண்ணீர் ஊற்றி அடித்து வெளியேற்றினர். ஆகஸ்டில் போலந்துத் தலைமைப் பேராயர் கர்தினால் கிளெம்ப் ஆற்றிய மறையுரை எரியும் நெருப்பில் எண்ணெயாயிற்று. இறுதியில் 1993 ஏப்ரலில் திருத்தந்தையே கன்னியருக்கு மடல் எழுதினார். சற்றுத் தொலைவில் கட்டப்பட்ட புதிய மடத்திற்குச் செல்வதோ, தாய் மடத்திற்குத் திரும்புவதோ அவரவர் விருப்பம் என்றார். அவ்வாண்டிலேயே அவர்கள் வெளியேறினர். போலந்தின் மைந்தர், தம் நாட்டு மக்களின் மனத்தாங்கலை ஏற்றுக்கொண்டு எழுதிய மடல் அது.

பேராயர் டோலனின் சொல்லை முதலில் கேட்டபோது நாமும் அதை மெச்சினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தல் நற்செய்தியின் மணம் உள்ளது. இரு புறத்தையும் அணைக்கும் பேராயரின் எண்ணத்திலும் குறையில்லை. பின்னர் ஒரு செய்தியைப் படித்தபோது நம் உறுதி ஆட்டம் கண்டது. அதே கோடையில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, காலியாகக் கிடந்த தன் கன்னியர் மடத்தை முஸ்லிம் அமைப்பொன்றுக்கு விற்க முன்வந்தது. அவர்கள் அதைத் தொழுகைக்குப் பயன்படுத்த விரும்பினர். மக்கள் கொதித்தெழுந்தனர், ஜூலையில் பங்கின் பொறுப்பாளர்கள் விற்பனையை மறுத்தனர். அந்தத் தீவு கோபுரங்கள் விழுந்த இடத்திலிருந்து கடல் கடந்து கிடக்கிறது! அப்படியானால் இடம்தான் சிக்கலா? இரண்டு தெருக்கள் போதாதென்றால் எத்தனை தெருக்கள் போதும்? இதற்கு எண்ணைச் சொன்னவர் எவருமில்லை. பார்க் பிளேஸுக்கு அருகிலேயே, வாரன் தெருவில் 1970 முதல் தொழுகை நடந்துவந்தது. அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை.

ஆழ்ந்து நோக்கினால், அவுஷ்விட்ஸ் மடத்தின் கதை நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளத்தக்க கதை; பிறருக்கு விதியாக நீட்டத்தக்கதன்று. கன்னியரிடம் கேட்டவர் அவர்களின் தந்தை. கேட்கப்பட்டவர்களுக்குப் புதிய மடம் ஆயத்தமாயிருந்தது. கன்னியர் கொலைகாரரின் இனத்தவர் என்று எவரும் அவர்களை விரட்டவில்லை. யாருடைய நினைவு எங்கே முதலிடம் பெறவேண்டும் என்பதே அங்குக் கேள்வி. பார்க் பிளேஸிலோ, தொழுகைக்கு வரும் கடைக்காரரும் வாடகைக் கார் ஓட்டுநரும் அந்தப் பத்தொன்பது பேருக்கு உறவினர் என்பது எதிர்ப்பின் அடியில் சொல்லப்படாமல் கிடந்தது. சல்மான் ஹம்தானி என்னும் 23 வயது முஸ்லிம் இளைஞர் அக்காலையில் உதவிக்கு ஓடிச்சென்று கோபுரத்தடியில் மாண்டவர். உடல் கிடைக்குமுன்னர் அவர்மீதே ஐயம் எழுந்தது. அந்தத் தாய் எந்தப் பக்கத்தில் நின்று அழுவது? ஒறுத்தல் ஒருவர் தாமே ஒப்புக்கொடுப்பது. அடுத்தவர் தோளில் நாம் ஏற்றிவைக்கும்போது அதற்கு வேறு பெயர். சிற்றாலயம் கட்ட அனுமதி கோரி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய நம் பங்குகளுக்கு 'வேறிடம் பாருங்கள்' என்னும் சொல் புதிதன்று. அதைச் சொன்னவர்களும் மிக மரியாதையாகவே சொன்னார்கள்.

ஆயினும் எதிர்த்தோர் அனைவரையும் வெறுப்பாளர் என்று தள்ளுவதும் அநீதி. நியூயார்க்கில் அன்று மாண்ட 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேரின் உடலில் ஓர் எலும்பும் அடையாளம் காணப்படவில்லை. அடக்கம் செய்ய ஏதுமில்லாத தாய்க்கு அந்த வட்டாரம் முழுவதுமே கல்லறை. கல்லறையருகே நிற்போரிடம் தெருக்களின் எண்ணிக்கையைச் சொல்லி வாதிடலாகாது என்பதைச் சில ஆண்டுகள் குருத்துவப் பணி செய்த எவரும் அறிவர். திட்டமிட்டோர் முதலில் அத்தாய்மாரிடம் சென்றிருக்க வேண்டும். 'கொர்தோபா இல்லம்' என்று அவர்கள் முதலில் வைத்த பெயரும் தவறாய் முடிந்தது. மூன்று சமயத்தாரும் கூடி வாழ்ந்த நகரென்பது இமாமின் எண்ணம். எதிர்த்தோருக்கோ அது படையெடுப்பின் பெயராகக் கேட்டது. அந்நகரின் பெரும் பள்ளிவாசல் 1236 முதல் நம் பேராலயம் என்பதை இருவருமே பேசவில்லை. இத்தனை வேதனை விளையுமென்று அறிந்திருந்தால் இதைத் தொடங்கியிருக்கமாட்டேன் என்று இமாம் ரவூப் 2010 செப்டம்பரில் வெளிப்படையாகக் கூறினார். இப்போது பின்வாங்கினால் தீவிரவாதிகளுக்கே வெற்றி என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டும் மெய்யென்றே நமக்குத் தோன்றுகிறது.

13 மாடி மையம் கட்டப்படவேயில்லை. 2011 செப்டம்பரில் பழைய கடையிலேயே சிறிய அளவில் மையம் திறக்கப்பட்டது. நியூயார்க்கில் வாழும் பல நாட்டுக் குழந்தைகளின் நிழற்படங்களை முதற்காட்சியாக வைத்தனர். பிற்பாடு உரிமையாளர் எண்ணம் மாறி, அவ்விடத்தில் செல்வர் குடியிருப்புக்கான உயர்ந்த கோபுரம் எழுந்தது. 2001-இல் நொறுங்கிப்போன கிரேக்க மரபுவழித் திரு அவையின் புனித நிக்கொலாஸ் ஆலயம், பல தடைகளைக் கடந்து, 2022 ஜூலை 4-ஆம் நாள் மீண்டும் அபிஷேகம் செய்யப்பட்டது.

பழைய கடை இடிபடுமுன்னர், 2013 ஏப்ரலில், அளவெடுக்க வந்தவர்கள் அதற்கும் பின்கட்டடத்திற்கும் இடையே ஆள் நுழைய முடியாத இடுக்கில் துருப்பிடித்த இரும்புத் துண்டொன்றைக் கண்டனர். விமான இறக்கையின் பாகம் அது. அத்தனை வாதமும் நடந்த ஆண்டுகளில், தொழுகை நடந்த சுவருக்கு அப்பால், எவரும் அறியாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. மனித உடலின் எச்சம் ஏதேனும் உண்டோ என்று நகர மருத்துவ அதிகாரிகள் அவ்விடுக்கின் மண்ணைச் சலித்துப் பார்த்தனர். ஒன்றும் கிடைக்கவில்லை.